மேசியா வந்தால் பலிபீடமும் திரும்புமா? யூத மதமும் மிருகபலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்ரேலுக்கு ஆலயச் சுத்திகரிப்புச் சடங்குக்கான சிவப்புக் கிடாரிகள் (இளம் பசுக்கள்) வந்து இறங்கிய செய்தி பரவியதிலிருந்து, யூதர்கள் மறுபடியும் ஆடு மாடு பலியிடப் போகிறார்களா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பதில்கள் இரண்டு வகை. "நாளைக்கே ஆரம்பிக்கப் போகிறார்கள்" என்பது ஒன்று. "அதெல்லாம் பழைய காலம், யூத மதம் எப்போதோ அதைத் தாண்டி வந்துவிட்டது" என்பது இன்னொன்று. யூத நூல்களைக் கொஞ்சம் புரட்டினாலே இரண்டும் நிற்காது என்று தெரிந்துவிடும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: மேசியா காலத்தில் மிருகபலி உண்டா, இல்லையா?

சட்டப்படி உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதிய 'மிஷ்னே தோரா' என்ற சட்டத் தொகுப்பு இதில் குழப்பமே வைக்கவில்லை. மேசியா அரசர் எழும்புவார், தாவீதின் ஆட்சியை மீட்பார், ஆலயத்தைக் கட்டுவார், சிதறிப்போன இஸ்ரவேலரை ஒன்று சேர்ப்பார். அவர் நாளில் பலிகள் செலுத்தப்படும், ஓய்வு ஆண்டும் யூபிலி ஆண்டும் பழையபடி அனுசரிக்கப்படும். ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் தினமும் மூன்று வேளை சொல்லும் அமீதா ஜெபத்திலும், ஆலய வழிபாட்டைத் திரும்பக் கொண்டுவா என்ற வேண்டுதல் இருக்கிறது.

ஆனால் அதே மரபுக்குள், "எல்லாப் பலியும் திரும்புமா, எந்த வடிவில் திரும்பும், ஏன் திரும்ப வேண்டும்?" என்ற வாதம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. என் கணிப்பைக் கேட்டால், யூத மரபு பலியைக் கைவிடவும் இல்லை, அதற்காக அவசரப்படவும் இல்லை. ஏட்டில் உயிரோடு வைத்துக்கொண்டு, நடத்தும் பொறுப்பை மேசியாவின் தலையில் போட்டுவிட்டது. தெரிந்தேதான் அப்படிச் செய்திருக்கிறது.

அப்படியென்றால் இப்போது ஏன் யாரும் பலியிடுவதில்லை?

ஆலயம் இல்லை, அதனால்தான். கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஒரே இடத்தில் மட்டுமே பலியிட வேண்டும் என்பது உபாகமம் 12-ஆம் அதிகாரத்தின் கட்டளை. அந்த இடம் எருசலேம் ஆலயம் என்று ஆனது. கி.பி. 70-ல் தீத்துவின் ரோமப் படை அதை இடித்தது. வெளியே வேறெங்காவது பலியிடுவது லேவியராகமம் 17-ன்படி கடும் குற்றம்; ஜனத்திலிருந்து அறுப்புண்டுபோகும் தண்டனைக்கு உரியது. ஆகவே ஒரு யூதர் தன் வீட்டுக் கொல்லையில் ஆட்டை வெட்டி "இது தகனபலி" என்று சொல்லிவிட முடியாது.

கி.பி. 363-ல் ரோமப் பேரரசர் ஜூலியன் ஆலயத்தைத் திருப்பிக் கட்ட அனுமதி கொடுத்தார். வேலை தொடங்கிய வேகத்தில் நின்றுபோனது. அதே ஆண்டில் அவரும் போர்க்களத்தில் இறந்தார். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில், ஆலயம் இருந்த மேட்டில் பாறைக் குவிமாடம் என்ற இஸ்லாமியத் தலம் எழுந்தது. அதுவும் அல்-அக்ஸா மசூதியும் இன்றும் அங்கே இருக்கின்றன.

'ஒரே இடம்' என்ற விதி எல்லாக் காலத்திலும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டதா என்றால், இல்லை. எகிப்தில் அஸ்வானுக்கு அருகே எலிஃபண்டைன் தீவில் இருந்த யூதப் படைவீரர்கள் தங்களுக்கென்று ஒரு கோயில் வைத்து அங்கேயே பலியிட்டார்கள். கி.மு. 410-ல் அது இடிக்கப்பட்டது. மறுபடி கட்டுவதற்கு அவர்களுக்குக் கிடைத்த அனுமதிக் குறிப்பு பாப்பிரஸில் தப்பிப் பிழைத்திருக்கிறது. தானியப் படையலும் தூபமும் அதில் உண்டு. மிருகத் தகனபலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆலயத்தில் என்னதான் பலியிட்டார்கள்? எல்லாவற்றையும் எரித்துவிடுவார்களா?

எல்லாவற்றையும் இல்லை. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்குப் பெயர்கள் தெரிந்திருக்கும்: சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி. இவற்றில் பலிபீடத்தின்மேல் முழுவதும் எரிக்கப்பட்ட மிருகம் தகனபலிக்கு உரியது மட்டும்தான். சமாதானபலியில் கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்க்கண்டமும் முன்னந்தொடையும் ஆசாரியருக்கு, மீதி கொண்டுவந்தவர் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட. பஸ்கா பண்டிகை ஆடு பெரும்பாலும் விருந்து. போஜனபலி வெறும் மாவும் எண்ணெயும்தான்.

அன்றாட ஆலய வழிபாட்டின் அடித்தளம் காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி. ஓய்வுநாளில் கூடுதலாக இரண்டு. கூடாரப் பண்டிகையில் முதல் நாள் 13 காளைகள், அப்புறம் தினம் ஒன்று குறைந்து ஏழாம் நாள் 7 என்று மொத்தம் 70 காளைகள். உலகின் எழுபது தேசத்தாருக்காக என்று தல்மூத் (பழைய யூதச் சட்ட விவாதத் தொகுப்பு) இதற்கு விளக்கம் சொல்கிறது. ஒரு பஸ்காவில் 2,55,600 ஆடுகள் வெட்டப்பட்டதாக வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதினார். எண்களை ஊதிப் பெருக்குவதில் அவர் கைதேர்ந்தவர், அதனால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பலி இல்லாமல் பாவமன்னிப்பு எப்படி? இரத்தம் சிந்தாமல் மன்னிப்பு இல்லையே?

அந்த வாக்கியம் புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்தில் வருவது. யூதர்கள் அதை ஏற்பதில்லை. மோசேயின் ஐந்து நூல்களான தோராவே அவர்களுக்கு வேறு வழிகளைக் காட்டுகிறது. இரண்டு புறாவுக்குக்கூட வசதியில்லாத ஏழை கொஞ்சம் மாவைப் பாவநிவாரணபலியாகக் கொண்டுவரலாம் என்கிறது லேவியராகமம் 5:11. யோனாவின் கதையில் நினிவே மக்கள் மனம் திரும்பியபோது யாரும் ஆடு கேட்கவில்லை. தவிர, பாவநிவாரணபலி பெரும்பாலும் தெரியாமல் செய்த தவறுகளுக்கானது. வேண்டுமென்றே செய்த பாவத்தை ஓர் ஆட்டைக் கொடுத்துக் கழுவிவிட முடியாது.

ஆலயம் இடிந்த பிறகு நடந்ததாக ஒரு பழைய கதை உண்டு. இடிபாடுகளைப் பார்த்து ரபி (யூத மத குரு) யோசுவா அழுகிறார்: நம் பாவங்களுக்குப் பரிகாரம் கிடைத்த இடம் போய்விட்டதே! கூட வந்த ரபி யோகனான் பென் சக்காய் சொல்கிறார்: வருந்தாதே, அதற்கு ஈடான பரிகாரம் நம்மிடம் இருக்கிறது, அன்பின் செயல்கள். பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசியாவின் வசனத்தை அவர் சான்றாகக் காட்டுகிறார்.

அதன் பிறகு வந்த ரபிகள் ஒரு மாற்று அமைப்பையே கட்டி முடித்தார்கள். காலை ஜெபம் காலை ஆட்டுக்குட்டியின் இடத்தில், பிற்பகல் ஜெபம் மாலை ஆட்டுக்குட்டியின் இடத்தில். பாவநிவாரணபலியின் சட்டத்தைப் படிப்பவர் அந்தப் பலியைச் செலுத்தியவரைப் போல என்கிறது தல்மூத். பலி இல்லாமலேயே கிட்டத்தட்ட 2,000 ஆண்டுகள் ஓட்ட முடிந்தது இதனால்தான்.

தீர்க்கதரிசிகளே பலியைக் கண்டித்தார்களே? அதோடு விஷயம் முடியவில்லையா?

ஏசாயா 1, ஆமோஸ் 5, எரேமியா 7 எல்லாம் கடுமையானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே ஏசாயா புத்தகத்தின் 56-ஆம் அதிகாரம், அந்நியர்களின் தகனபலிகளும் என் பலிபீடத்தின்மேல் ஏற்கப்படும் என்கிறது. "சகல ஜனங்களுக்கும் ஜெபவீடு" என்ற புகழ்பெற்ற சொல் வருவது அதே வசனத்தில்தான். எரேமியா 33, பலியிட லேவி ஆசாரியர் என்றும் இல்லாமல் போகமாட்டார் என்கிறது. சங்கீதம் 51 பலியை நீர் விரும்புகிறதில்லை என்று சொல்லிவிட்டு, கடைசி வசனத்தில் காளைகளோடு முடிகிறது. ஏழையை ஏய்த்துவிட்டுக் கொழுத்த ஆட்டோடு கோயிலுக்கு வருபவனைத்தான் தீர்க்கதரிசிகள் அடித்தார்கள் என்பது பாரம்பரிய யூத வாசிப்பு. இதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது, எரேமியா 7:22-ஐ மட்டும் அப்படிச் சுலபமாகச் சமாளிக்க முடியாது என்றாலும். எகிப்திலிருந்து புறப்பட்ட நாளில் நான் உங்கள் பிதாக்களிடம் தகனபலியைப் பற்றிப் பேசவே இல்லை என்று கடவுள் சொல்லும் வசனம் அது.

எசேக்கியேலின் ஆலயத்தில் பலிபீடம் இருக்கிறதே, அது எதிர்காலத்தைப் பற்றியதுதானே?

40 முதல் 48 வரையான அதிகாரங்களில் ஆலயத்தின் அளவு, வாசல், மேசை, பலி எல்லாம் கோல் வைத்து அளந்ததுபோல் வருகின்றன. சிக்கல் என்னவென்றால், கணக்கு தோராவோடு ஒத்துப்போகவில்லை. அமாவாசைக்கு எண்ணாகமம் 28 கேட்பது 2 காளை, 1 ஆட்டுக்கடா, 7 ஆட்டுக்குட்டி. எசேக்கியேல் 46 சொல்வது 1 காளை, 1 ஆட்டுக்கடா, 6 ஆட்டுக்குட்டி.

இந்த முரண்பாட்டால் எசேக்கியேல் புத்தகத்தையே ஒதுக்கிவைக்கப் பார்த்தார்கள் என்கிறது தல்மூத். அனனியா பென் எசேக்கியா என்பவர் விளக்கு எரிக்க 300 பீப்பாய் எண்ணெயோடு மாடியறைக்குப் போய், எல்லா முரண்பாட்டையும் தீர்த்துவிட்டுத்தான் இறங்கினாராம். என்ன தீர்வு என்று தல்மூத் சொல்லாமல் விட்டதுதான் வேடிக்கை. மைமோனிடிஸ் பின்னாளில் தன் பதிலைச் சொன்னார்: எசேக்கியேல் குறிப்பது மேசியா காலத்து ஆலயத்தின் பிரதிஷ்டைப் பலிகளை, அது முடிந்ததும் மோசேயின் கணக்கே மறுபடி நடைமுறைக்கு வரும்.

மைமோனிடிஸ் பலியைத் தாழ்வாகப் பேசினார் என்கிறார்களே? இங்கே அவரே பலி திரும்பும் என்கிறாரே?

இந்த விவகாரத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான்.

கொர்தோபாவில் பிறந்து எகிப்தில் மருத்துவராக வாழ்ந்து 1204-ல் இறந்த மைமோனிடிஸ் இரண்டு பெரிய நூல்கள் எழுதினார். எபிரேயத்தில் எழுதிய மிஷ்னே தோரா ஒன்று. எபிரேய எழுத்தில் அரபு மொழியில் எழுதிய 'குழம்பியோருக்கு வழிகாட்டி' என்ற தத்துவ நூல் இன்னொன்று. அந்த வழிகாட்டியின் மூன்றாம் பாகம், 32-ஆம் அதிகாரத்தில்தான் குண்டு இருக்கிறது. மனிதன் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரே நாளில் தாண்ட முடியாது. அன்றைய உலகம் முழுவதும் கோயில் கட்டி, சிலைக்கு முன் மிருகம் வெட்டித்தான் கும்பிட்டது. அப்படிப்பட்டவர்களிடம் "பலி வேண்டாம்" என்றால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆகவே கடவுள் பழக்கத்தை விட்டுவைத்து, திசையை மட்டும் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரே இடம், ஒரே ஆசாரியக் குலம் என்று அதை இறுக்கவும் செய்தார்.

அதே அதிகாரத்தில் இன்னும் துணிச்சலான ஓர் உதாரணம் வருகிறது. இன்று ஒரு தீர்க்கதரிசி வந்து, ஜெபிக்காதீர்கள், உபவாசம் இருக்காதீர்கள், ஆபத்தில் கடவுளைக் கூப்பிடாதீர்கள், மனதுக்குள் தியானித்தால் போதும் என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? பலியை நிறுத்தச் சொல்லியிருந்தால் அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்கிறார். பலியிலிருந்து ஜெபம், ஜெபத்திலிருந்து மௌன தியானம் என்று படிகள் மேலே போவதாக இதை வாசிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, பழக்கத்துக்குக் கொடுத்த சலுகைதான் என்றால், சிலை வழிபாடு ஒழிந்த மேசியா காலத்தில் அது எதற்கு? இங்கே அறிஞர்கள் பிரிகிறார்கள். தத்துவ நூலில் இருப்பதே அவருடைய உண்மையான கருத்து, சட்ட நூல் பொதுமக்களுக்கானது என்பவர்கள் உண்டு. கட்டளை பிறந்த காரணம் வேறு, கட்டளையின் ஆயுள் வேறு என்பவர்களும் உண்டு. தோரா என்றும் மாறாது என்பதை மைமோனிடிஸ் தன் 13 விசுவாசக் கோட்பாடுகளில் ஒன்றாகவே வைத்தவர் என்பதால், எனக்கு இரண்டாவது வாசிப்பு நெருக்கமாகப் படுகிறது. எப்படியிருந்தாலும், வழிகாட்டியை மட்டும் மேற்கோள் காட்டி "யூத மதமே பலியைக் கைவிட்டது" என்று எழுதுபவர்கள் பாதி மைமோனிடிஸைத்தான் காட்டுகிறார்கள்.

இதை அப்போதே யாரும் எதிர்க்கவில்லையா?

நன்றாகவே எதிர்த்தார்கள். ஸ்பெயினில் கத்தலோனியாவின் ஜெரோனா ஊர்க்காரரான ரபி நஹ்மனிடிஸ், லேவியராகமம் 1:9-க்கு எழுதிய உரையில் இதை வெற்றுப் பேச்சு என்றே தள்ளினார். ஆபேல் பலியிட்டபோது உலகில் எந்தச் சிலை இருந்தது? நோவா பேழையிலிருந்து இறங்கிப் பலியிட்டபோது எந்த எகிப்தியன் இருந்தான்? அவர் தரும் விளக்கம் வேறு: மிருகத்தின் இரத்தம் பலிபீடத்தில் தெளிக்கப்படும்போது, பாவம் செய்தவன் "இது என் இரத்தமாக இருந்திருக்க வேண்டியது" என்று உணர வேண்டும். இந்த வாசிப்பில் பலிக்குக் காலாவதி கிடையாது.

எதிர்காலத்தில் ஸ்தோத்திரபலி மட்டும் மிஞ்சும் என்று ஒரு மித்ராஷ் (ரபிகளின் வேத விளக்க நூல்) சொல்கிறதாமே?

ஆம், லேவியராகம ரப்பாவில் இருக்கிறது: வருங்காலத்தில் எல்லாப் பலிகளும் நின்றுபோகும், ஸ்தோத்திரபலி நிற்காது, எல்லா ஜெபங்களும் நின்றுபோகும், நன்றி சொல்லுதல் நிற்காது. பாவமே இல்லாத காலத்தில் பாவநிவாரணபலிக்கு வேலை இல்லை என்பது இதற்குக் கொடுக்கப்படும் விளக்கம். சைவ உணவுக்காரர்கள் இதை ஆசையோடு மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் ஸ்தோத்திரபலி என்பது 40 அப்பங்களோடு ஒரு மிருகமும் சேர்ந்தது. அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மேசியா காலத்தில் தானியப் படையல் மட்டும்தான் என்று சொன்ன ரபி யார்?

ஆபிரகாம் ஐசக் கூக் (1865–1935), பிரிட்டிஷ் ஆட்சிக்கால பாலஸ்தீனத்தின் முதல் அஷ்கெனாசி (ஐரோப்பிய மரபு யூதர்களின்) தலைமை ரபி. ஏதேனில் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட உணவு தாவரம் மட்டுமே. வெள்ளத்துக்குப் பிறகு இறைச்சிக்குக் கிடைத்த அனுமதி தற்காலிகச் சலுகை என்பது அவர் எண்ணம். மல்கியா 3:4-ல் யூதாவின் காணிக்கை கர்த்தருக்குப் பிரியமாயிருக்கும் என்று வருவதை அவர் தானியக் காணிக்கையாக வாசித்தார். ஞானம் பெருகி மிருகங்களையும் எட்டும் காலத்தில் பலிபீடத்துக்குத் தாவரப் படையலே வரும் என்றார்.

அதோடு நிறுத்திவிட்டால் அவரையும் பாதிதான் காட்டியதாகும். ஜெபத்தில் கேட்கிறபடி பலிகள் எல்லாம் திரும்பும் என்று நம்புவதே சரி, ஐரோப்பிய நாகரிகத்தின் முன் இதற்காகக் கூச வேண்டியதில்லை என்ற நிலையையும் அவர் எடுத்திருக்கிறார். ஆலய வழிபாட்டுச் சட்டங்களைப் படிக்கவென்றே எருசலேமில் ஒரு பாடசாலையும் தொடங்கினார். இரண்டையும் அவருடைய மாணவர்கள் இப்படிச் சேர்த்து வைக்கிறார்கள்: முதல் கட்டத்தில் மிருகபலி, உலகமே மாறிப்போகும் தொலைதூரக் கட்டத்தில் தானியம். இந்தப் படிவரிசை எனக்கு ஒட்டுப்போட்டதுபோல்தான் தெரிகிறது. கூக் இரண்டையும் ஒருசேர நம்பினார், தீர்க்கவில்லை என்று விட்டுவிடுவது நேர்மை.

மேசியா வரும்வரை காத்திருக்காமல் யாராவது பலியிட முயன்றார்களா?

பிரஷ்யாவின் தோர்ன் நகரில் இருந்த ரபி ட்ஸ்வி ஹிர்ஷ் காலிஷர் 19-ஆம் நூற்றாண்டில் இதற்காகவே வாதாடினார். 1836-ல் ராத்ஸ்சைல்ட் என்ற வங்கிக் குடும்பத்தாருக்குக் கடிதம் எழுதி, ஆலய மேட்டை விலைக்கு வாங்கும் யோசனையையே முன்வைத்தார். சமூகமே தீட்டுப்பட்டிருந்தாலும் பஸ்கா பலியைச் செலுத்தலாம் என்ற விதி அவருக்குப் பிடிமானம். அன்றைய பெரிய ரபியான அகீவா ஏகருக்கு இதில் உடன்பாடு இல்லை. அல்டோனாவின் யாக்கோப் எட்லிங்கர் லேவியராகமம் 26:31-ஐ எடுத்துப் போட்டார்: உங்கள் பலிகளின் சுகந்த வாசனையை நான் முகரமாட்டேன் என்று கடவுள் சொல்லியிருக்கும்போது, பாழான இடத்தில் பலியிட்டு என்ன பயன்? காலிஷர் பிறகு எழுதிய புத்தகம் கடைசியில் சியோனியம் என்ற யூதத் தாயக இயக்கத்துக்கு முன்னோடி என்றே பெயர் வாங்கியது, பலி மறந்துபோனது.

சிவப்புக் கிடாரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அது பலிபீடத்துப் பலி அல்ல, ஆலயத்துக்குள் போவதற்கான நுழைவுச் சீட்டு. பிணத்தால் வந்த தீட்டு நீங்க, எண்ணாகமம் 19 சொல்கிறபடி சிவப்புக் கிடாரியின் சாம்பல் கலந்த தண்ணீர் தேவை. அது இல்லாமல் இன்று எல்லோரும் தீட்டுள்ளவர்களே என்பது சட்டத்தின் அனுமானம். வேறு நிறத்தில் இரண்டு மயிர் இருந்தாலே தகுதி போய்விடலாம். நுகம் பட்டிருக்கவே கூடாது. தல்மூத்தின் மூல நூலான மிஷ்னாவின் கணக்கில் இதுவரை எரிக்கப்பட்டவை ஒன்பது. பத்தாவதை மேசியா அரசர் செய்வார் என்கிறார் மைமோனிடிஸ்.

2022 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து ஐந்து கிடாரிகள் இஸ்ரேலுக்கு வந்தன. இதில் முன்னணியில் இருப்பது 1987-ல் தொடங்கிய எருசலேம் ஆலய நிறுவனம். ஆலயப் பாத்திரங்களையும் தங்கக் குத்துவிளக்கையும் செய்து வைத்திருப்பவர்கள். பணத்திலும் ஆர்வத்திலும் அமெரிக்க எவாஞ்சலிகல் கிறிஸ்தவர்களின் பங்கு பெரிது. பஸ்கா சமயத்தில் ஆட்டுக்குட்டியோடு ஆலய மேட்டுக்குள் நுழையப் பார்ப்பவர்களை இஸ்ரேல் போலீஸ் பிடிப்பது வருடாந்தரச் செய்தி. இவர்கள் சிறுபான்மை. 1967 முதல் தலைமை ரபித்துவமே மேட்டின் வாசலில் பலகை வைத்து யூதர்களை உள்ளே போகாதே என்கிறது; காரணமும் அதே தீட்டுதான். இந்தச் சிறுபான்மையை அலட்சியம் செய்துவிடவும் முடியாது. அந்த இடத்தில் ஒரு சிறு அசைவுகூட எத்தனை உயிர்களைத் தொடும் என்பதை அந்த ஊர் பலமுறை பார்த்திருக்கிறது.

எல்லா யூதப் பிரிவினரும் பலி திரும்ப வேண்டும் என்றா ஜெபிக்கிறார்கள்?

இல்லை. சீர்திருத்த யூதர்கள் 1885-ல் பிட்ஸ்பர்க்கில் வெளியிட்ட அறிக்கையில், ஆரோனின் புதல்வர் நடத்தும் பலி வழிபாட்டை எதிர்பார்க்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். கன்சர்வேட்டிவ் பிரிவு 1946-ல் வெளியிட்ட ஜெபப் புத்தகத்தில் நடுவழி ஒன்றைப் பிடித்தது: "அங்கே பலி செலுத்துவோம்" என்பதை "எங்கள் முன்னோர் அங்கே பலி செலுத்தினார்கள்" என்று மாற்றியது. ஆர்த்தடாக்ஸ் புத்தகத்தில் எழுத்து மாறவில்லை. மனதுக்குள் தயங்குபவர்கள் அங்கும் உண்டு. வாய் பழைய வரியைத்தான் சொல்லும்.

யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளுக்கு முன் கோழியைத் தலைக்கு மேல் சுற்றுகிறார்களே, அது பலிதானே?

கப்பரோத் என்ற வழக்கம் அது. பலி அல்ல, பலி என்று நினைத்துச் செய்தால் அதுவே சட்டமீறல். ஷுல்கான் ஆரூக் என்ற சட்டத் தொகுப்பை எழுதிய யோசேப்பு காரோ இதை நிறுத்தச் சொன்னார். போலந்தின் ரபி மோசே இசர்லஸ் ஆதரித்தார். இன்று பலர் கோழிக்குப் பதிலாகப் பணத்தைச் சுற்றி ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

பழைய பலியை விடாமல் தொடர்ந்தவர்கள் யாருமே இல்லையா?

உண்டு, ரபி மரபுக்கு வெளியே. எத்தியோப்பியாவின் பேட்டா இஸ்ரேல் சமூகத்தார் தல்மூத்தை அறியாதவர்கள். 20-ஆம் நூற்றாண்டு வரை பஸ்கா ஆட்டைப் பலியிட்டு வந்தார்கள். இஸ்ரேலுக்குக் குடியேறிய பிறகு அது நின்றது. தோராவைப் பின்பற்றும் இன்னொரு பழைய சமூகமான சமாரியர் இன்னும் நிறுத்தவில்லை. கடவுள் தெரிந்துகொண்ட இடம் எருசலேம் அல்ல, நாப்லூஸ் அருகே உள்ள கெரிசீம் மலை என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் கி.பி. 70 அவர்களுடைய பலிபீடத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு பஸ்காவுக்கும் வெள்ளை உடையில் மலையேறி, ஆடுகளை அறுத்து, ஆழக் குழிகளில் சுட்டு, விடிவதற்குள் தின்று முடிக்கிறார்கள். மேசியாவுக்கு இணையாக அவர்கள் எதிர்பார்ப்பது தாஹெப் என்பவரை. அவர் வந்து பலியைத் தொடங்கிவைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.